நேற்றைய கடல்

2019 நவம்பரில் ஒரு காலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்கள் வானொலி நிலையத்து வாசலில் வயதான மீனவர் ஒருவர் வந்து நின்றார். கையில் சின்ன டிரான்சிஸ்டர். ஈரம் படாமல் பாலிதீன் பையில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றியிருந்தார். "தம்பி, நேத்து சாயங்காலம் வாசிச்சதையே இன்னிக்குக் காலையிலயும் போடுறீங்களே, வெளிய வந்து கடலைப் பாத்தீங்களா?" என்றார். குரலில் கோபம் இல்லை. உறவுக்காரர் வீட்டுச் சோற்றில் கல் கிடந்தால் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். காலை ஷிஃப்ட் பார்க்கும் தங்கச்சி ஏற வேண்டிய முதல் பஸ் மழையில் வரவில்லை. அவள் வராவிட்டாலும் கணினி ஐந்தரைக்குத் தானாகவே ஒலிபரப்பைத் தொடங்கி, முந்தின நாள் போட்டுவைத்த பட்டியலை வரிசையாக ஓட்டிக்கொண்டிருந்தது. ஆறேகாலுக்குக் கடல்நிலை அறிவிப்பு. அந்த இடத்தில் நேற்றைய ஒலிக்கோப்பு இருந்தது, அதுவே போயிருக்கிறது. அலை ஒரு மீட்டருக்குள், காற்று மிதம். இரவு பத்து மணிக்கு மேல் வந்த புதிய எச்சரிக்கை மின்னஞ்சலில் திறக்கப்படாமல் கிடந்தது. அதில் அலை இரண்டரை மீட்டருக்கு மேல் என்று இருந்தது.

அன்று அந்த மீனவரின் குப்பத்தில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. கரையில் நின்று பார்த்தே கடலின் போக்கைத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் எங்கள் குரலில், எங்கள் நிலையத்தின் பெயரைச் சொல்லி, ஒரு பொய் காற்றில் போயிருந்தது. அதற்கு முன் ஏழு வருடமாக அந்த நிலையத்தில் தொழில்நுட்பப் பொறுப்பு என்னுடையது. ஆட்டோமேஷன் மென்பொருள் ஒன்று நல்லதாக வாங்க வேண்டும் என்ற பேச்சு இரண்டு வருடமாகவே இருந்தது. எதை வைத்து அதைத் தேர்ந்தெடுப்பது என்பது எனக்கு அன்று காலைதான் பிடிபட்டது.

நாங்கள் சமுதாய வானொலி. 50 வாட் டிரான்ஸ்மிட்டர், 30 மீட்டருக்கு மிகாத கோபுரம், சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 2004-இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் முதல் சமுதாய வானொலி தொடங்கியபோது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி. 2006 கொள்கைக்குப் பிறகுதான் தொண்டு நிறுவனங்களுக்கும் கிடைத்தது. அப்படி வந்தவை எங்களைப் போன்ற நிலையங்கள். சம்பளத்துக்கு மூன்று பேர், மற்றவர்கள் ஊர்க்காரர்கள். பாட்டுக் கேட்பதற்கான இலவச பிளேயர் ஒன்றில் பட்டியல் போட்டுத்தான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆள் இருக்கும் நேரத்தில் அதில் ஒரு குறையும் தெரியாது. ஆள் இல்லாத நேரத்தில் அதற்கு நேற்றும் ஒன்றுதான், இன்றும் ஒன்றுதான்.

நான் தொழில் கற்றது ஆகாசவாணியில், தற்காலிக அறிவிப்பாளராக. அங்கே ஒவ்வொரு நிகழ்ச்சி டேப்போடும் ஒரு கியூ ஷீட் வரும். எந்தத் தேதிக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், எந்தச் சொல்லில் தொடங்கி எந்தச் சொல்லில் முடிகிறது, முன்னால் அறிவிப்பாளர் என்ன சொல்ல வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். டேப்பை மெஷினில் மாட்டும் முன் தேதியைப் பார்ப்போம். தேதி தவறினால் டியூட்டி ரூமுக்குத் திரும்பிப் போகும். டியூட்டி ஆபீசர் முழு ஒலிபரப்பையும் காதில் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மூன்று வினாடி மௌனம் விழுந்தாலும் லாக் புத்தகத்தில் ஏறிவிடும். ஆட்டோமேஷன் வாங்குகிறவர்கள் டேப் மாட்டும் கைக்குப் பதில் ஒரு மெஷின் வாங்குவதாக நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தத் தேதியைப் பார்த்த கண்ணுக்கும், கேட்டுக்கொண்டிருந்த காதுக்கும் பதிலாக எதை வைக்கப் போகிறோம் என்று கேட்டுக்கொள்ளவே இல்லை.

எண்பதுகளில் பாட்டுப் பட்டியலைக் கணினியிடம் விட்ட வெளிநாட்டு நிலையங்களுக்கு வேறு தேவை இருந்தது. 1979-இல் ஆண்ட்ரூ எகனாமோஸ் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்.சி.எஸ். நிறுவனத்தின் 'செலக்டர்', பாட்டுச் சுழற்சிக்கென்றே உருவானது. ஒரே பாடகரின் இரண்டு பாட்டு அடுத்தடுத்து வரக்கூடாது, காலையில் போன ஹிட் பாட்டு மாலையில் எந்த மணியில் திரும்ப வரலாம் என்பது போன்ற விதிகள். வணிகப் பண்பலைக்கு அதுதான் உயிர். எங்களிடம் வந்த முதல் விற்பனைப் பிரதிநிதியும் ஒன்றரை மணி நேரம் அதையே காட்டினார். வண்ண வண்ணமாகக் கடிகார வட்டம், ஒவ்வொரு துண்டிலும் ஒரு பாட்டு வகை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கள் நிலையத்தில் சினிமாப் பாட்டு மிகக் குறைவு. நடவுப் பாட்டு, அம்பாப் பாட்டு, ஒப்பாரி என்று நாங்களே ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவைதான் பெரும்பகுதி. அவற்றைச் சுழற்ற விதி தேவையில்லை. ஒரு கிழவி பாடிய பாட்டு அவள் பேத்தி கல்யாணத்தன்று போக வேண்டும் என்றால் அது போகிறதா என்பதே எங்கள் கேள்வி.

அந்தப் பிரதிநிதியிடம் நான் கேட்டேன்: "சார், இப்ப ஒரு பெரிய தலைவர் தவறிட்டார்னு செய்தி வருது. அடுத்த அஞ்சு நிமிஷத்துல நீங்க என்ன செய்வீங்க?"

இந்தக் கேள்வி என் மனதில் நாலு வருடமாகவே இருந்தது. 2015 ஜூலை 27 இரவு, ஷில்லாங்கில் கலாம் ஐயா காலமான செய்தி வந்தபோது எங்கள் நிலையத்தில் கரகாட்டப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. கடற்கரை மாவட்டங்களில் அவர் எங்கள் ஆள். படகோட்டி வீட்டுப் பிள்ளை. அன்று டியூட்டியில் இருந்த பையன் ஒரு நொடி யோசிக்கவில்லை. ஃபேடரை மெல்லக் கீழே இழுத்தான், அலமாரியில் இருந்து வீணை சி.டி. ஒன்றை எடுத்துப் போட்டான், பிறகுதான் எனக்கு ஃபோன் செய்தான். கலாம் ஐயா வீணை வாசிப்பார் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த இரவு ஆள் இல்லாமல் பட்டியல் மட்டும் ஓடியிருந்தால் கரகாட்டத்துக்குப் பின் ஒரு நகைச்சுவை நாடகம் போயிருக்கும்.

பிரதிநிதி பட்டியலைத் திறந்தார். ஒவ்வொரு பாட்டாக நீக்கினார், வேறொரு திரைக்குப் போனார், புது வகை ஒன்று உருவாக்கினார், மணிக்கணக்கை மறுபடி கணக்கிடச் சொன்னார். பதினொரு நிமிடம் ஆனது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேல் குற்றமில்லை. அவருடைய வாடிக்கையாளர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை போலும். ஆனால் தமிழ்நாட்டில் ரேடியோ நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஏதாவது ஒரு மாலையில் வந்தே தீரும். 2016 டிசம்பரிலும் வந்தது, 2018 ஆகஸ்டிலும் வந்தது.

இன்னொரு நிறுவனத்தின் மென்பொருளை ஒரு வாரம் சோதனைக்கு வாங்கினோம். அதில் நிகழ்ச்சியின் பெயரைத் தமிழில் தட்டினால் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும். நானூறு நிகழ்ச்சிக்கும் நானூறு வரிசைக் கேள்விக்குறி. ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். கடலோரக் கிராமத்தில் ப்ளஸ் டூ முடித்த பெண்கள் நடத்தும் நிலையம் இது. அவர்கள் 'valai' என்று தட்டினால் அது வலையா, வாழையா, வாளையா? வாளை மீன் பற்றிய நிகழ்ச்சிக்குப் பதில் வாழை விவசாயம் போய்விடும். நான் அந்தப் பெட்டியை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தங்கள் மொழியில் பெயர் எழுத முடியாத ஒரு பெட்டியை இந்தப் பெண்கள் நம்பி உட்கார முடியாது.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் தொடங்கிய 2012-இல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. 2018 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பல ஊர்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. யூ.பி.எஸ். நாற்பது நிமிடம் தாங்கும், ஜெனரேட்டருக்கு மாற ஓர் ஆள் வேண்டும். ஆகவே சோதனைக்கு வந்த ஒவ்வொரு மென்பொருளும் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரில் இருந்து பிளக்கைப் பிடுங்கினேன். கொண்டுவந்தவர்கள் பதறினார்கள். திரும்ப மாட்டி, கைவைக்காமல் காத்திருந்தேன். ஒன்று திரையில் 'கடந்த முறை சரியாக மூடப்படவில்லை, தொடரலாமா?' என்று கேட்டுக்கொண்டு அப்படியே நின்றது. நள்ளிரவில் அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது? இன்னொன்று நின்ற இடத்தில் இருந்தே தொடர்ந்தது. ஆறு மணிக்கு நின்றிருந்தால் ஏழு மணிக்கு ஆறு மணி நிகழ்ச்சி. எங்களுக்கு வேண்டியது, எழுந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, இப்போது போக வேண்டியது எதுவோ அதில் சேர்ந்துகொள்ளும் ஒன்று.

காசு கொடுத்து வாங்குபவை ஒருபுறம் இருக்க, இலவசமாகக் கிடைப்பவையும் நிறைய. விண்டோஸில் ஓடும் ரேடியோடிஜே, ஸாராரேடியோ இரண்டும் உலகம் முழுவதும் சின்ன நிலையங்களில் புழங்குபவை. கிராம் வாணி நிறுவனம் நம் நாட்டுச் சமுதாய வானொலிகளுக்கென்றே 'கிரின்ஸ்' என்று ஒன்றைச் செய்தது. நேயர்களின் தொலைபேசி அழைப்பை அதிலேயே வாங்கி, பதிவு செய்து, ஒலிபரப்பில் சேர்க்கலாம். நம் ஊர் ரேடியோ எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் செய்தது என்பது அதைத் தொட்டதுமே தெரியும். பிரவுசரிலேயே பட்டியல் போடும் 'ஏர்டைம்', பிறகு அதிலிருந்து பிரிந்த 'லிப்ரேடைம்' ஆகியவற்றையும் பார்த்தோம். இணைய வானொலிக்கு அவை கைக்கு இதமானவை.

கடைசியில் நாங்கள் வந்து நின்றது 'ரிவெண்டெல்'. லினக்ஸில் ஓடுவது, மூலநிரல் திறந்தது, அமெரிக்காவில் சேலம் என்ற வானொலி நிறுவனத்தில் பிறந்தது (நம் சேலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை). நிறுவுவது சுலபம் என்று சொல்ல மாட்டேன். லினக்ஸ் தெரிந்த தம்பி ஒருவர் வந்து மூன்று நாள் எங்களோடு தங்கிச் செய்துகொடுத்தார். ஒரு சவுண்ட் கார்டு பத்தாது, இரண்டு வெளியீடு வேண்டும், ஒன்று காற்றுக்கு, ஒன்று காதுக்கு, அதாவது அடுத்து வருவதை முன்கூட்டிக் கேட்டுப் பார்க்க, என்று பிடிவாதமாக நின்றவரும் அவர்தான். ஒலிபரப்புக் கணினியை இணையத்தில் இருந்து பிரித்து வைத்தோம்.

அதில் என் மனதைப் பிடித்த இடம் ஒன்றே ஒன்றுதான். அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அதில் ஒவ்வொரு ஒலியும் ஒரு 'கார்ட்'. பழைய நிலையங்களில் விளம்பரங்களை, முடிவில்லாமல் சுற்றும் டேப் அடைத்த பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருப்பார்கள். அந்த டப்பாவின் பெயர்தான் கார்ட். இங்கே அந்தக் கார்டுக்குள் பல 'கட்'டுகள் வைக்கலாம். பட்டியலில் கார்டின் எண் மட்டும் இருக்கும். எந்தக் கட் போக வேண்டும் என்பது ஓட்டும் நேரத்தில் முடிவாகும். ஒவ்வொரு கட்டுக்கும் எந்தத் தேதி எத்தனை மணிக்கு உயிர் வருகிறது, எப்போது உயிர் போகிறது என்று எழுதி வைக்கலாம். நேரம் கடந்த கட்டை அது எடுக்காது. 'எவர்கிரீன்' என்று ஒரு குறி உண்டு. அந்தக் குறி போட்ட கட், உயிரோடு வேறு எதுவும் இல்லாதபோது மட்டும் போகும்.

இதைப் படித்த அன்று இரவு நான் தூங்கவில்லை. கியூ ஷீட்டின் மேல்மூலையில் தேதி எழுதும் அந்தச் சின்னக் கட்டம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

மறுநாள் கடல்நிலைக்கு ஒரு கார்ட் உருவாக்கினோம். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையத்தின் முன்னறிவிப்பை மாலையில் வாசித்துப் பதிவு செய்தால், அது மறுநாள் காலை எட்டு மணியோடு செத்துவிடும். இரவில் எச்சரிக்கை மாறினால் பழைய கட்டின் முடிவு நேரத்தை 'இப்போது' என்று மாற்றினால் போதும், அது வெளியே வராது. எவர்கிரீன் கட்டைத் தங்கச்சியின் குரலில் பதிவு செய்தோம். "இன்றைய கடல்நிலை அறிவிப்பு எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. கடலுக்குப் போகும் முன் மீன்துறை அலுவலகத்திலும் கரையில் இருக்கும் பெரியவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்." நிர்வாகக் குழுவில் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. நிலையத்துக்கே தகவல் வரவில்லை என்று நாமே சொன்னால் மதிப்பு என்ன ஆகும் என்றார். நான் பாலிதீன் பை சுற்றிய அந்த டிரான்சிஸ்டரைப் பற்றிச் சொன்னேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை.

புதுச்சேரி வீராம்பட்டினத்தில் தொண்ணூறுகளின் கடைசியில், சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையத்தில் அலை உயரத்தை இணையத்தில் எடுத்து ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். அங்கே ஓர் ஆள் தினமும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தார். அவர் நேற்றைய தாளை வாசிக்க வேண்டுமென்றால் நேற்றைய தாளைத் தேடி எடுக்க வேண்டும். மெஷினுக்கு அந்தத் தேடல் தேவையில்லை, நேற்றையது தயாராகவே இருக்கிறது.

எல்லாச் சோதனைக்கும் மேல் ஒரு சோதனை மிச்சம் இருந்தது. காலை ஷிஃப்ட் தங்கச்சியைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் மைக் முன்னால் உட்கார வைத்தேன். நான் பின்னால் நின்றேன். அவள் முதலில் கேட்டது: "அண்ணே, இது முடிய இன்னும் எத்தனை செகண்ட் இருக்குன்னு எங்க காட்டும்?" அறிவிப்பாளருக்கு அதுதான் முதல் கேள்வி. வாயைத் திறக்கலாமா, மூச்சு இழுக்கலாமா என்பதை அந்த எண்தான் சொல்லும். திரையில் அந்த எண் பெரிதாக இறங்கிக்கொண்டிருந்தது. மைக்கில் இருந்து தலையைத் திருப்பாமல் தெரிந்தது. அடுத்து அவள் கேட்டது: "நான் பேசணும்னா இதை எப்படி நிறுத்தி வைக்கிறது?" தானியங்கி, உடனிருந்து நடத்துவது, முழுக்கக் கையால் நடத்துவது என்று அதில் மூன்று நிலை. ஒரு பொத்தானைத் தட்டத் தட்ட மாறும். காட்டினேன். அவள் மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "சரிண்ணே, இது நம்ம சொன்னா கேக்கும்" என்றாள்.

பழைய ஒலிகளை ஏற்ற ஒன்றரை மாதம் பிடித்தது. வயலில் செல்ஃபோனில் எடுத்தது ஒரு சத்தம், ஸ்டுடியோவில் எடுத்தது ஒரு சத்தம். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. துக்க நாளுக்கு ஒரு தனிப் பட்டியல் செய்து, வீணையும் வயலினும் நாதஸ்வரமுமாக ஆறு மணி நேரத்துக்கு நிரப்பி, ஒரே தட்டில் ஏறும்படி வைத்தோம். ஒலிபரப்பியவற்றை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது அனுமதி விதி. அதைப் பலர் பெரிய செலவு என்று பயப்படுகிறார்கள். தினம் பதினாறு மணி நேரத்தை 64 கேபிபிஎஸ் தரத்தில் பதிவு செய்தால் தொண்ணூறு நாளைக்கு 42 ஜிபிகூட ஆகாது. ஒரு பென் டிரைவ் போதும்.

2020 மார்ச் முதல் வாரத்தில் புது ஏற்பாடு காற்றில் ஏறியது. மூன்று வாரத்தில் கொரோனா ஊரடங்கில் நாடே அடைபட்டது. மார்ச் 24 இரவுக்குப் பிறகு நிலையத்துக்கு வர முடிந்தது பக்கத்துத் தெருவில் குடியிருந்த நான் ஒருவன் மட்டும். தங்கச்சியும் மற்றவர்களும் வீட்டில் போர்வைக்குள் உட்கார்ந்து ஃபோனில் பேசி அனுப்பினார்கள். நான் அதை இன்னொரு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய்க் குறிப்பிட்ட ஃபோல்டரில் போட்டால் அது தானாகவே கார்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கிருமி பற்றிய அறிவிப்புகள் தினமும் மாறின. காலையில் திறந்திருக்கும் என்ற கடை மாலையில் மூடும் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் சாகும் நேரம் எழுதினோம். அந்த மாதங்களில் ஒரு தடவைகூட நேற்றைய சொல் எங்கள் அலைவரிசையில் போகவில்லை. இதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

அந்த எவர்கிரீன் கட் முதல் தடவையாகப் போனது டிசம்பரில், புரெவி புயல் மழையை அடுத்த நாட்களில். இரவெல்லாம் இணையம் இல்லை, மின்னஞ்சல் வரவில்லை. மாலை பதிவு செய்ததையும் நாங்களே நிறுத்தி வைத்திருந்தோம். ஆறேகாலுக்குத் தங்கச்சியின் குரல் போனது: எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அவள் மைக் முன்னால் உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு ஒன்று தொடங்கியது. அரை நிமிடத்தில் நிலையத்து ஃபோன் அடித்தது.

நான் எடுத்தேன். அந்தப் பெரியவர். "வரலைன்னு சொன்னீங்களே, கேட்டேன். நான் கரையிலதான் நிக்கிறேன். வாடை அடிக்குது, கடல் நல்லா தூக்கிக் கெடக்கு, எங்காளுங்க எல்லாம் போட்டை மேல ஏத்திட்டானுங்க. எழுதிக்கிறியா தம்பி?"

ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு தங்கச்சியைப் பார்த்தேன். அவள் அதற்குள் பொத்தானைத் தட்டிவிட்டாள். பாட்டு முடிய பத்தொன்பது வினாடி இருந்தது. ஃபோன் ஃபேடரில் விரலை வைத்தபடி, "எழுத வேணாம்ணே, அவரையே பேசச் சொல்லுங்க" என்றாள்.